நீச்சல் தெரியுமா என்ற கட்டம்

இல்ல மாஸ்டர், பிள்ளையச் சேக்க வரல. எனக்குத்தான். நாலரை மணி நீச்சல் பேட்ச்னு வெளிய போட்டிருக்கீங்கல்லா, பெரியாளுங்களுக்கு, அது. சிரிங்க, பரவால்ல. சிரிப்புக்குத் தயாராத்தான் வந்திருக்கேன்.

பேரு சிலுவை. வயசு நாப்பத்தேழு. ஆமா, கடக்கரைதான், எங்கப்பா மீன்பிடி லாஞ்சு வச்சிருந்தவரு. அதான் கேக்கீங்க, கடக்கரைக்காரனுக்கு நீச்சல் தெரியாதான்னு. எங்கள யாரும் இதக் கேக்கவே மாட்டாவ மாஸ்டர். மீன்ட்ட போய்க் கேப்பாவளா? வேலைல சேரும்போது அப்ளிகேசன் பாரத்துல ஒரு கட்டம், நீச்சல் தெரியுமான்னு. ஆபீசர் என் பேரப் பாத்தாரு, ஊரப் பாத்தாரு, அவரே டிக் போட்டுட்டாரு. நானும் தலைய ஆட்டுனேன்.

எப்படி விட்டுப்போச்சுன்னா, ஆறு வயசுல என்னயப் பாளையங்கோட்டைல ஹாஸ்டல்ல போட்டுட்டாவ. என் சோட்டுப் பயலுவ எல்லாம் அந்த வயசுலதான் கடல்ல விழுந்து, தண்ணி குடிச்சு, தானா மிதந்தானுவ. யாரும் சொல்லிக் குடுக்கல. நான் பத்தாப்பு முடிச்சு வந்து நிக்கேன், எல்லாவனும் மீசை வச்சிட்டானுவ. எனக்குக் கத்துக்குடுலேன்னு கேக்க நாக்கு எழும்பல. அவனுவ குளிக்கையில கரையில துணிக்குக் காவல் இருந்தேன்.

வேலையா? அதுதான் வெக்கக்கேடு. துறைமுகத்துக்கு ஆள் அனுப்புத ஒரு கம்பெனில சேஃப்டி கிளாஸ் எடுக்கேன். தண்ணிக்குள்ள விழுந்தா என்ன செய்யணும்னு. பதினோரு வருசமா. பதறாத, மல்லாக்கப் படு, காது நனைஞ்சா நனையட்டும், நாடியத் தூக்கு, மூச்ச நெஞ்சுல பிடி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். சார், நீங்க சொல்லுதது கண்ணு முன்னால நிக்குன்னு எத்தன பேரு கையக் குடுத்திருக்காவ. அதக் கேட்டுக் கேட்டு எனக்கே தெரியும்னு ஆயிப்போச்சு. வாய்க்குத் தெரிஞ்சது கை காலுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சிட்டேன் மாஸ்டர்.

போன மாசம் மச்சினன் ரோச் புது லாஞ்சு எறக்குனான். பங்குச் சாமியார் வந்து மந்திரிச்சாச்சு, எல்லாரும் சாப்பிடப் பந்தலுக்குப் போயாச்சு. என் வீட்டுக்காரி விஜிலா, லாஞ்சுல பைய வச்சிட்டேன்னு திரும்பிப் போனா. நான் பின்னால கரைப் படியில நிக்கேன். லாஞ்சுல ஏறப் போட்டிருந்த பலகை வழுக்கித் தண்ணில விழுந்துட்டா. எனக்கும் அவளுக்கும் நடுவுல இந்த மேசை நாலு போடலாம், அவ்வளவுதான் தூரம்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கிளாஸ் எடுத்தேன். படியில நின்னுக்கிட்டு, பதறாதளா, மல்லாக்கப் படு, நாடியத் தூக்குன்னு கத்துதேன். ஒரு வார்த்தை தப்பில்ல. அவ ஒருக்கா மேல வந்து என்னயப் பாத்தா. ரெண்டாவது தடவையும் வந்து பாத்தா. மூணாவது தடவை வரல.

அங்கன ஐஸ் லாரிக்காரரு ஒருத்தர் லோடு எறக்கிக்கிட்டு நின்னாரு. செருப்போட குதிச்சாரு. செந்தில்முருகன்னு பேரு, ஆத்தூர்க்காரரு, வாய்க்கால்ல நீந்திப் பழகுனவராம். அவ முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாரு. நான் இடுப்பளவு தண்ணில எறங்கி வாங்குனேன், என் பங்கு அவ்வளவுதான். சட்டையப் பிழிஞ்சிட்டு, ஐஸ் உருகுது அண்ணாச்சின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

ஆஸ்பத்திரிக்கு மாமியார் ஓடி வந்தாவ. என் துணி நனைஞ்சிருக்கதப் பாத்து, எம்மவள மீட்டுக் குடுத்திட்டீங்களே மாப்பிளன்னு கையப் பிடிச்சு அழுதாவ. நான் வாயத் தொறந்திருக்கணும்லா? பதினோரு வருசம் பேசுன வாயி, தொறக்கல. கட்டில்ல கெடந்த விஜிலா சொல்லுதா, ஆமாம்மா, அவிய இல்லன்னா நான் இல்லன்னு. மயக்கத்துல ஆளு தெரியல போலன்னு நெனைச்சேன். அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு மாஸ்டர், அதச் சொல்லத்தான் கூசுது. போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மாதா கோயில்ல வச்சு எனக்கு சால்வை போட்டாவ. குனிஞ்சு வாங்கிக்கிட்டேன்.

பாரமா? இருக்கு, இந்தாங்க. நேத்து மத்தியானம் சாப்பாட்டுப் பையத் தொறக்கேன், டிபன் பாக்ஸுக்கு அடியில மடிச்சு இருந்துச்சு. உங்க பாரம்தான், பேரு, வயசு எல்லாம் நிரப்பி. நீச்சல் தெரியுமாங்கிற கட்டத்துல தெரியாதுன்னு எழுதியிருக்கு, பாருங்க. வீட்டுக்குப் போனேன், அவ எப்பவும் போல சோத்தப் போட்டா.

இல்ல மாஸ்டர், என் எழுத்து இல்ல. அது விஜிலா எழுத்து. கையெழுத்துப் போடுத எடத்த மட்டும் எனக்கு விட்டு வச்சிருக்கா. பேனா இருந்தா குடுங்க.