கோபம் இருந்த இடம்

மூப்பரே, பிரதி எடுக்கிறவனுக்கு நீளமான வசனங்களால் தொல்லை இல்லை. ஒற்றைச் சொல்தான் தூக்கத்தைக் கெடுக்கும். தொழுநோயாளி ஒருவன் முழங்காலிட்டுக் கெஞ்சுகிறான். இயேசு “கோபங்கொண்டு” அவனைத் தொட்டார் என்று எங்கள் சபையின் பழைய சுவிசேஷப் பிரதியில் இருந்தது. கெஞ்சுகிறவன்மேல் எதற்குக் கோபம்? பத்து நாள் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

என் தங்கை தாயேசிஸுக்கும் அந்த நோய்தான். சபை கூடும்போது வாசலுக்கு வெளியே நின்று கேட்பாள். அந்த வரி வந்தால் முக்காட்டை இழுத்துக்கொள்வாள்.

புதிய பிரதியில் “மனமுருகி” என்று எழுதினேன். மை காயும்வரை கடற்பஞ்சால் துடைத்துவிடலாம். நான் துடைக்கவில்லை. காயும்வரை காத்திருந்தேன்.

எழுதி முடித்ததும் ஒப்பிட வேண்டும். சபையின் வாசகர் கோப்ரேஸ் புதியதை உரக்கப் படிப்பார். நான் பழையதில் விரல் வைத்துக்கொண்டே வருவேன். அந்தச் சொல்லில் அவர் நின்றார்.

“ஏம்ப்பா ஹோரியன், கர்த்தருக்கே நல்ல பழக்கம் சொல்லிக் குடுக்கிறியா?”

“கெஞ்சுறவன்கிட்ட யாராவது கோபப்படுவாங்களா அண்ணே?”

“எனக்கும்தான் புரியல. புரியலைன்னா அழிச்சிடுறதா? சபையில சொல்லிடுறேன். உன் பிரதியை அடுப்புல போடு.”

அந்த வாரமே ரோமப் பேரரசரின் ஆணை வந்தது. கிறிஸ்தவர்கள் வேத நூல்களை ஒப்படைக்க வேண்டும், மறைத்தால் சுரங்கத்தில் அடிமை வேலை. அதிகாரி என்னிடம் கேட்டபோது, நூல்கள் எழுதுகிறவனிடம் இருக்காது, வாசகர் வீட்டில்தான் இருக்கும் என்றேன். அது உண்மை. தெருவையும் காட்டினேன். பழைய பிரதி சந்தையில் எரிந்தது. என்னுடையது எண்ணெய்ச் சாடிக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

ஆனால் கோப்ரேஸுக்கு முழுவதும் மனப்பாடம். அதையும் அதிகாரியிடம் சொன்னேன். அவரைச் செம்புச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். குளிர்காலத்தைத் தாண்டவில்லையாம்.

இன்று ஏழு சபைகள் என் பிரதியைப் பார்த்து எழுதிக்கொள்கின்றன. தாயேசிஸ் முக்காட்டைத் தொடுவதில்லை. சுரங்கத்திலிருந்து திரும்பிய யாரோ வேறு சொல் இருந்ததாகச் சொல்கிறார் என்று என்னை விசாரிக்கிறீர்கள். சொல்லட்டும். அவரிடம் பிரதி இருக்கிறதா? இரண்டு பிரதி இருந்தால்தான் எது சரி என்று கேள்வி வரும். ஒன்றுதான் என்றால் அதுவே வேதம். ஒன்றாக்கியது நான்தான்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இழுத்துப் போகும்போது கோப்ரேஸ் என் காலைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு மனப்பாடம் இல்லைன்னு சொல்லிடு ஹோரியன்” என்று கெஞ்சினார். அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை.