எர்த் வயர் பாடம்

தேங்காய்ப்பாலைக் கறியில் எப்போது விடுவது என்பதில் எனக்கும் மதலேனாவுக்கும் கல்யாணமான நாளிலிருந்தே தகராறு. முந்தி விட்டால் திரிந்துவிடும் என்பது அவள் கட்சி. அவள் சொல்வதுதான் சரி, இன்ஸ்பெக்டர் ஐயா. எந்த வேலைக்கும் வரிசை முக்கியம்.

தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பாடத்திட்டப் பொறுப்பாளனாக நான் பார்த்த வேலையும் அதுதான்: எந்தப் பாடம் முன்னே, எது பின்னே. லேசான வேலையில்லை; தூரத்துப் பிள்ளைகள் பஸ் வருகிற நேரத்துக்குத்தான் வந்து சேருவார்கள். வில்கமுவையிலிருந்து தச்சு வேலை படிக்க பஸ் ஏறிய ஒருவன் வந்து இறங்கியபோது, அவனோடு சேர்ந்த பிள்ளைகள் எல்லாரும் வேலை பழகி முடித்த பாஸ்மாராகித் தொப்பையும் வைத்திருந்தார்கள்.

பிறகு இந்திரகுமார் கல்லூரிக்கு அதிபராக வந்தார். மின்வேலை வகுப்பில், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வயர் பாடத்தைத் தூக்கிக் கடைசியில் போடச் சொன்னார்.

"சேர், அது முந்தி வரணுங்க. உயிர் விஷயம்."

"கம்பனிக்காரங்க ஆள் கேட்டு நிக்கிறாங்க இஞ்ஞாசி. மொதல்ல பிள்ளைங்கள வேலைக்கு அனுப்புவோம். எர்த்த ஆறுதலா படிச்சிக்கலாம்."

அந்த வகுப்பில் என் மகன் கிறிஷாந்த் இருந்தான். இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனான். அங்கே எர்த் இல்லாத மோட்டர் ஒன்றில் கை வைத்தான். படிக்காத பாடம், அவனுக்கு எப்படித் தெரியும்?

செத்த வீட்டுக்கு இந்திரகுமார் வந்தார். என் தோளைத் தட்டி, "பாடம் வர முந்தியே பிள்ளை கை வச்சிடுச்சி, இஞ்ஞாசி" என்றார். மதலேனா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். சீனி காணாது என்று இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார்.

மறு வருடம் எர்த் பாடத்தை முன்னுக்கே கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். எனக்குக் கோபமில்லை. காத்திருந்தேன்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம். உத்தியோகத்தர் யாராவது வீடு கட்டினால் மின்வேலைப் பிள்ளைகள் போய் வயர் இழுப்பார்கள். அவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி, நமக்குக் கூலி மிச்சம், அவர்களுக்குப் பகல் சோறு. பிறகொரு வருடம் இந்திரகுமார் பல்லேபொலவில் வீடு கட்டினார். அந்த வருடம் எர்த் பாடம் மறுபடி கடைசிக்குப் போனது. அவர் சொல்லவில்லை; வரிசை மாற்றுவது என் கடமை, மாற்றினேன். கிணற்றுக்கு ஒரு பழைய தண்ணி மோட்டரைப் பரிசாகக் கொடுத்தேன். அதன் இரும்பில் கரண்ட் கசிகிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் எர்த் இல்லாமலே அதற்கு வயர் போட்டு முடித்ததும் நானே பார்த்துச் சரி என்றேன்.

பால் காய்ச்சும் நாளில் முதல் தண்ணியை வீட்டுக்காரர்தான் இறைக்க வேண்டும். இந்திரகுமார் வேட்டியை மடித்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். நான் பாற்சோற்றுத் தட்டோடு நின்றேன். அங்கே ரொஷானி நின்றாள். வகுப்பில் கெட்டிக்காரி, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை.

"நீ வயர் போட்ட மோட்டர், மகள். நீயே போடு" என்றார் அவர்.

அவள் சிரித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். "போடவா சேர்?"

ஒரு சொல் போதும். ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். இந்திரகுமாருக்கு எல்லாம் தெரிந்துபோகும். பிறகு அவரை எப்போது பிடிப்பது? நான் தலையாட்டினேன். அவள் ஈரக் கையோடு மோட்டரைத் தொட்டாள்.

இதை மறைக்க எனக்கு எண்ணமில்லை. எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சாவுக்கு அத்திவாரம் போட்டவர் இந்திரகுமார். நான் அவருடைய பாடத்திட்டத்தை அவருடைய வீட்டில் நடத்திக் காட்டினேன், அவ்வளவுதான்.

செத்த வீட்டுக்கும் போனேன். ரொஷானியின் அப்பா ஜெஸ்டின், தோட்டத்து லய வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். தோளைத் தட்டி, "பாடம் வர முந்தியே பிள்ளை கை வச்சிடுச்சி, ஜெஸ்டின்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஆறுதல் சொல்லப் போன மனிசனை அப்படிப் பார்ப்பது முறையா, ஐயா?