படத்தில் காய்ந்த பால்

மலாக்காவிலிருந்து மஸ்ஜித் தானா போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் ஓவியக் கூடத்தின் துப்புரவுப் பணியாளர் சட்டையில் இருந்தார்.

"படத்துல இருந்த ஒட்டுப்பால உரிச்சிட்டேன்லா, கமலா."

"எந்தப் படம்கா?"

"ஜப்பான் சண்டை முடிஞ்சு யாரோ செஞ்சதாம். ஆளும் இல்ல, மரமும் இல்ல. தாரு, கிழிஞ்ச சாக்கு, குறுக்கால சாய்வா ஒட்டுப்பாலு, காஞ்ச ரப்பர் பாலுதான். நுனி தொங்குச்சு. பால் எடுக்க மரத்துல கோடு வெட்டுறதுக்கு முந்தி பழைய பால உரிச்ச கை, சும்மா இருக்குமா? ஒரு துண்டு வந்துருச்சு."

"வேலை போச்சா?"

"போயிரும்னுதான் பயந்தேன். நானே ஆபீஸ்ல போயி சொன்னேன். மேடம் ஏசல. ரப்பர்னு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. முப்பது வருசம் தோட்டத்துல பால்மரம் வெட்டினவ நான்னேன். அப்படியே இன்னொன்னும் சொல்லிட்டேன்."

"என்ன?"

"பாலு கீழ எறங்கித்தான் கட்டியாகும். இதுல கட்டி மேல்பக்கம் இருக்கு. படத்தத் தலைகீழா மாட்டியிருக்கீங்கன்னேன்."

"ஐயோ அக்கா."

"நாளைக்குத் திருப்பி மாட்டிப் பாக்குறாங்க. என்னையும் வரச் சொன்னாங்க."

"தொடைக்கவா?"

"இல்லலா. பக்கத்துல நின்னு சொல்றதுக்கு."

"அப்ப இந்தச் சட்டை வேணாம். தீபாவளிக்கு எடுத்த நீலச் சேலையக் கட்டுங்க."

"அதத்தான் நானும் நெனச்சேன்."