பெங்களூர் வரிசையில் ஐந்து குடும்பங்கள்

கொஞ்சம் உக்காருங்க... தயவுசெஞ்சு உக்காருங்க. நம்ம டென்னிஸ் மையத்தை மூடப் போறோம்னு நோட்டீஸ் வந்து இன்னியோட பதினோரு நாள். இது மூணாவது கூட்டம். ஒரு கூட்டத்துலயாவது பத்து நிமிஷம் சேர்ந்தாப்ல நம்மால உக்கார முடிஞ்சுதா? எனக்கே முடியல. மனு, தீர்மானம் எல்லாத்தையும் அப்புறம் படிப்போம். அதுக்கு முந்தி, நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். சின்னக் கதைதான்... அஞ்சு நிமிஷம் காது குடுங்க.

ஆறு வருஷம் முந்தி. இதே மாதிரி இன்னொரு தேசிய டென்னிஸ் பயிற்சி மையம். பஸ் ஏறினா மூணு மணி நேரத்துல பெங்களூர் போயிடலாம், அப்படி ஒரு ஊரு. ஆறு கோர்ட், முப்பத்தோரு பிள்ளைங்க, ஒரே ஒரு கோச்... திருவேங்கடம் சார். அங்கயும் நோட்டீஸ் ஒட்டினாங்க. 'பயன்பாடு குறைவு. வெள்ளிக்கிழமை காலையில அதிகாரி வந்து பாத்துட்டு, மூடறதா வேண்டாமான்னு எழுதுவாங்க.'

அன்னிக்குப் பெற்றோர் கூட்டத்துல யாரு குரல் பெருசாக் கேட்டுச்சு தெரியுமா? அற்புதமணி. அரசு ஆஸ்பத்திரில நர்ஸு. அவங்க பொண்ணு ஜெபரத்னா, பதினஞ்சு வயசு, இடது கையால ஆடற பொண்ணு. அந்தம்மா எழுந்து நின்னு, "யார் போனாலும் நாங்க போக மாட்டோம்! என் பொண்ணு இந்தக் கோர்ட்லதான் ஆடுவா!"ன்னாங்க. தட்டினாங்க பாருங்க கைய...

மறுநாள் காலையில அந்தம்மா என்ன பண்ணினாங்க?

பெங்களூர்ல ஒரு தனியார் அகாடமிக்குப் போன் பண்ணினாங்க. "ரெண்டு மூணு இடம்தான் இருக்கு மேடம், வியாழக்கிழமை நேர்ல வந்துடுங்க"ன்னு பதில் வந்துச்சு.

தப்பா? நீங்களே சொல்லுங்க... பெத்தவளுக்குப் பயம் வர்றது தப்பா? தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

கோச்கிட்டப் போய், "சார், சொந்தத்துல ஒரு கல்யாணம்... ரெண்டு நாள் லீவு வேணும்"னாங்க. அவர் முகத்தைப் பாக்கல. அவர், "வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றாங்கம்மா"ன்னார். "தெரியும் சார், கல்யாணம் முன்னாடியே குறிச்சது." அவ்வளவுதான். அவர் லீவு குடுத்துட்டார்.

வியாழக்கிழமை. அகாடமி ஆபீஸ். வரிசைல நின்னு ஃபாரத்தை நிரப்பிக்கிட்டு இருக்காங்க. முன்னாடி நின்னவர் திரும்பினார். யாரு? லோகநாதன்! அதே மையம், அதே கூட்டத்துல பக்கத்து நாற்காலி. கூட அவர் பொண்ணு.

"அட... மணிம்மா, நீங்க எங்க இங்க?"

"ஒரு கல்யாணத்துக்கு வந்தோம்... நீங்க?"

"நாங்களும்... கல்யாணத்துக்குத்தான்."

கல்யாணத்துக்கு வந்தவங்க கையில எதுக்குங்க ராக்கெட் பை? அவர் சுவரைப் பாக்கறார், இவங்க தரையைப் பாக்கறாங்க. பின்னாடி திரும்பினா அதே மையத்துல இன்னொரு குடும்பம். ஓரமா பெஞ்சுல ரெண்டு குடும்பம். அஞ்சு குடும்பம்!

அப்போ ஜெபரத்னா மெதுவாக் கேட்டா: "அம்மா... நாம எல்லாரும் இங்க இருக்கோம். நாளைக்கு அவங்க வந்து பாக்கறப்போ அங்க யாரும்மா ஆடிட்டு இருப்பா?"

அற்புதமணி பேனாவைக் கீழ வெச்சாங்க. பேரு எழுதியாச்சு, வயசு எழுதியாச்சு, கையெழுத்துதான் பாக்கி. அந்த ஃபாரத்தை அப்படியே மேஜைல கவுத்து வெச்சிட்டு, எல்லாரையும் பாத்து, "நான் திரும்பிப் போறேன். இந்த இடம் போனாலும் போகட்டும். யார் வர்றீங்க?"ன்னாங்க.

மூணு குடும்பம் எழுந்துச்சு. லோகநாதன் வரல. "மணிம்மா, என் பொண்ணுக்கு ஜூனியர்ல இது கடைசி வருஷம். என்னால முடியாது... மன்னிச்சிடுங்க"ன்னார். அந்தம்மா கோவிச்சுக்கல. அந்தப் பொண்ணு தலையைத் தடவிட்டு வெளிய வந்தாங்க.

மத்தியான பஸ். ஏறினதும் அந்தம்மா போனை எடுத்தாங்க. மையத்துல இருக்கற ஒவ்வொரு வீட்டுக்கும் போட்டாங்க. எடுத்த எடுப்புல என்ன சொன்னாங்க தெரியுமா? "நான் பொய் சொல்லிட்டேன். கல்யாணம் இல்ல... பெங்களூர்ல இடம் தேடி வந்தேன். நீங்க இப்ப எங்க இருக்கீங்க? நாளைக்குக் காலையில கோர்ட்டுக்கு வந்துடுங்க." அப்பத்தான் வெளிய வருது. ஒருத்தர் சென்னையில. ஒருத்தர் ஹைதராபாத் ரயில்ல. ஒரு அம்மா போன்லயே அழுதுட்டாங்க: "நான் ஒருத்திதான் துரோகம் பண்றேன்னு நினைச்சேன் சிஸ்டர்..."

வெள்ளிக்கிழமை காலை ஆறரை. அதிகாரி வந்து இறங்கினாங்க. கோர்ட்ல இருபத்து மூணு பிள்ளைங்க. "ரிஜிஸ்டர்ல முப்பத்தொண்ணு இருக்கே... மத்தவங்க எங்க?"ன்னு கேட்டாங்க. கோச் வாயைத் திறக்கறதுக்குள்ள அற்புதமணி முன்னால வந்தாங்க.

"நீங்க மூடிடுவீங்கன்னு பயந்து வேற இடம் போயிட்டாங்க மேடம். நேத்து நானும் போனேன். மையம் இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க... பாதிப் பேர் நாளைக்கே திரும்பிடுவாங்க."

அந்த அதிகாரி நோட்டை எடுத்தாங்க. எழுதினாங்க. ஒரு மணி நேரம் நின்னு ஆட்டத்தைப் பாத்தாங்க, போயிட்டாங்க. அப்புறம் ரெண்டு மாசம்... தபால்காரர் வந்தாலே எல்லாரும் வாசலுக்கு ஓடுவாங்க. கடைசில வந்துச்சு கடிதம். மூடல. ஆறு கோர்ட்ல ரெண்டைக் குறைச்சாங்க, மூணு வருஷம் நீட்டினாங்க. அதுக்கப்புறமும் நீட்டினாங்க. இன்னிக்கும் ஓடுது. ஜெபரத்னா பெரிய சாம்பியன் ஆகல, பல்கலைக்கழக அணில ஆடறா. லோகநாதன் பொண்ணு பெங்களூர்ல நல்லா வந்துட்டா, அதையும் சொல்லணும்.

இதை எதுக்குச் சொல்றேன்? போறவங்களைத் திட்டவா? இல்லைங்க. அந்த மையத்தை நோட்டீஸ் மூடப் பாத்தது ஒரு பக்கம்... ஒவ்வொரு வீடும் தனித்தனியா, சத்தமில்லாம மூடிக்கிட்டு இருந்தது இன்னொரு பக்கம். பயம் எல்லாருக்கும் இருந்துச்சு. அதை ஒளிச்சு வெச்சதுதான் ஆபத்தாப் போச்சு. ஒருத்தி வாயைத் திறந்து உண்மையைச் சொன்னதும் இருபத்து மூணு பேர் கோர்ட்டுக்கு வந்தாங்க.

நமக்கு வர்ற செவ்வாய்க்கிழமை அதிகாரிங்க வர்றாங்க. அதனால நேராக் கேக்கறேன்... இந்தப் பதினோரு நாள்ல, யாருக்கும் தெரியாம வேற அகாடமிக்குப் போன் பண்ணினவங்க யாரு? கையைத் தூக்குங்க.

...யாருமில்லையா?

சரி. என் மகனுக்காக முந்தாநாள் நான் பண்ணினேன். இதோ, என் கை.

அடுத்தது யாரு?