பக்கத்து நாற்காலி

டெல்லியில், துவாரகா போகும் மெட்ரோவில் எனக்கு எதிரே தமிழ் பேசும் இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் ஒரே ஆஸ்பத்திரியின் அடையாள அட்டை. மருந்தகத்தில் வேலை பார்ப்பவர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. கண்ணாடி போட்ட இளையவர் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த போனை மடியில் வைத்துவிட்டேன்.

“நான் வாயே திறக்க மாட்டேன்க்கா. விசாரணைக்குக் கூப்பிடறவங்க பக்கத்துல சும்மா உட்காருவேன். அப்படிச் சொன்னதுக்கே மேனேஜருக்கு வேர்க்குது.”

“யூனியன் ஆளா நிக்கச் சொல்லி உன்னை யாரு கேட்டா?” என்றார் மூத்தவர்.

“யாரும் கேக்கல. நானாத்தான் பேர் கொடுத்தேன். மருந்து மாத்திக் கொடுத்துட்டான்னு நம்ம சுனிதாவைத் தனியா விசாரணைக்குக் கூப்பிட்டாங்களே, ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுதான் வெளிய வந்தா.”

“அச்சா, நீ பக்கத்துல உட்கார்ந்தா மட்டும்?”

“இன்சுலின் கொடுக்கணும்னா ரெண்டு பேர் பார்க்கணும்னு ரூல் போட்டது அவங்கதானே? ஒருத்தியோட வேலையைப் பறிக்க மட்டும் ரெண்டாவது ஆள் வேண்டாமா? இனிமே யாரைக் கூப்பிட்டாலும் நானும் போவேன்.”

“நாளைக்கு உன்னையே கூப்பிட்டா?”

கண்ணாடிக்காரர் திரும்பி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். 

“சரி, அப்போ உன் பக்கத்துல உட்கார நான் வரேன்டி,” என்றார் மூத்தவர். “ஆனா நான் வாயை மூடிக்கிட்டு உட்கார மாட்டேன்.”