எட்டு வட்டத் துணி

— இல்லைங்க, உங்க மைக்கு மிஷின் இன்னும் விசிலடிக்குது. 'ஸ்'னு சொன்னாலே குக்கர் மாதிரி கத்துது.

— கத்தாம? மூடியில எட்டு ஓட்டை. ஒவ்வொண்ணுக்கும் கீழ பொட்டு மாதிரி ஒரு மைக்கு, நடுவுல துளியூண்டு காலி இடம். பாட்டில் வாயில ஊதினா கூவுமே, அதே கதைதான். உங்கண்ணன் என்னடான்னா, "மாப்ளே, நான் கேட்டது மைக்கு, புல்லாங்குழல் இல்ல"ங்கிறார்.

— எங்கண்ணனை இழுக்காட்டி உங்களுக்குப் பொழுது போகாதே!

— முதலாளியாச்சே, இழுக்காம? பதினோரு மணிக்கு வாங்குறவங்க வராங்கடி. இன்னிக்கும் விசிலடிச்சா மைக்கு வேலையையே மூடிட்டு, என்னைக் காலிங்பெல் விக்க அனுப்பிடுவாராம். வீடு வீடா பெல் அடிக்கவா இவ்வளவு படிச்சேன்?

— ஐயோ, மூஞ்சியைத் தொங்கப்போடாதீங்க. துணி ஒட்டினா அடங்கும்னீங்களே?

— ஒட்டினேனே! கர்சீப் போட்டேன், விசில் அசையல. சாக்ஸ் போட்டேன், விசிலும் போச்சு, பேச்சும் போச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு துணி வேணும்.

— இந்தாங்க, இந்த எட்டு வட்டத்தை ஒட்டிப் பாருங்க.

— ம்... பஸ்... ஐஸ்... ஸ்ஸ்ஸ்... அடி என் தங்கமே! திரையில சத்தத்தோட கோடு பாரு, வழுவழுன்னு போகுது! எங்கேடி புடிச்சே?

— நாற்காலியில ஒரு பழைய சட்டை தொங்குச்சு. முதுகை மடிச்சு, பேப்பர்ல ஓட்டை போடுற பஞ்ச்சால நாலே குத்து.

— பழைய சட்டையா? எந்த நாற்காலி?

— அதோ, அந்த... அடக்கடவுளே, சட்டையைக் காணோம்!

— மாப்ளே! மிஷின் ரெடியா? அவங்க வந்தாச்சு. புதுச்சட்டை எப்படி? காத்தாட இருக்குப்பா!

— முன்பக்கம் ரொம்ப அருமையா இருக்கு, மச்சான்.

— அண்ணே, அவங்க முன்னாடி திரும்பாம நில்லுங்க. அதான் மரியாதை.

*

— மாப்ளே, ஜெயிச்சுட்டோம்! ஒரு விசில் இல்ல! ஜாலியான ஆளுங்கப்பா. போர்டுல எழுதத் திரும்பினப்பல்லாம் ஒரே சிரிப்பு.

— அப்போ... காலிங்பெல்?

— அதைத் தூக்கிக் குப்பையில போடு! ஆயிரம் மிஷின் கேக்குறாங்க. ஆனா இதே துணிதான் வேணுமாம், நூல்கூட மாறக்கூடாதாம். எந்தக் கடையில வாங்கினே?

— அது வந்து மச்சான்... நீயே சொல்லுடி.

— சட்டையைக் கழட்டுங்கண்ணே. இன்னும் எட்டாயிரம் வட்டம் வெட்டணும்.