வீட்டுக்கு அனுப்பாத டாக்டர்

பத்தாவது வரை படித்தவள் எழுதுகிறேன், மன்னிக்கவும். திங்கட்கிழமை லிங்கராஜபுரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் பத்து வயது மகள்.

“எங்க ஊர் டாக்டர் இவள வீட்டுக்கே அனுப்பலக்கா. அவர் நல்லா இருக்கணும்” என்றாள் இளையவள்.

“இது என்னடி வாழ்த்து?”

“நான் பொம்மசந்திராவுல வேலைக்குப் போனப்ப இவள ஊர்ல நாத்தனார்கிட்ட விட்டேனில்ல? காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. கணுக்காலச் சுத்தித் தழும்பு. ‘விழுந்துட்டா’ன்னாளாம். டாக்டர் அவள வெளிய அனுப்பிட்டு, ‘எப்படி ஆச்சுன்னு காட்டு’ன்னு இவகிட்ட பேண்டேஜ் சுருள் ஒண்ணு குடுத்தாராம்.”

“இவளுக்குப் பேச வராதே.”

“அதான்க்கா. ஒரு முனையத் தன் கால்ல சுத்தி, இன்னொன்ன மேஜைக் கால்ல கட்டினாளாம்.”

“ஐயோ!”

“நாத்தனார் வேலைக்குப் போறப்ப தினம் கட்டிப் போட்டிருக்கா. டாக்டர் இவள ஆஸ்பத்திரியிலேயே வெச்சுக்கிட்டு, போலீசுக்கும் எனக்கும் போன் பண்ணிட்டாரு.”

“உன் நாத்தனார் கத்தியிருப்பாளே.”

“‘கத்துங்கம்மா, அதையும் எழுதிக்கிறேன்’னாராம்.”

இருவரும் சிரித்தார்கள்.

“இப்ப எங்க கூட்டிட்டுப் போற?”

“காக்ஸ் டவுன்ல ஸ்பெஷல் ஸ்கூல். இன்னிக்குத்தான் சேக்கறேன். அங்க எப்படி வெச்சுக்குவாங்களோக்கா.”

மறுநாளும் அதே பஸ்ஸில் தாயும் மகளும் வந்தார்கள். காக்ஸ் டவுனில் மகள்தான் முதலில் இறங்கி, பள்ளிப் பக்கம் ஓடினாள்.